லிக்விட் கூலரா, காற்றுக் கூலரா? டெஸ்க்டாப் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிதாகக் கணினி அசெம்பிள் செய்பவர்கள் ப்ராசஸர், மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுக் கடைசியில் ப்ராசஸரின் சூட்டைத் தணிக்கும் கூலரில் வந்து தயங்கி நிற்கிறார்கள். கடைக்காரர் ஒன்று சொல்கிறார், நண்பர் வேறொன்று சொல்கிறார். வெளிநாட்டு விமர்சனங்களோ குளிர்ந்த அறையில் எடுத்த அளவுகளைக் காட்டுகின்றன. நம் ஊர் வெயிலையும் தூசியையும் கணக்கில் வைத்து அந்தக் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எதை வாங்கலாம்?

விளையாட்டு, படிப்பு, அலுவலக வேலை, அவ்வப்போது வீடியோ எடிட்டிங் என்ற அளவில் உங்கள் பயன்பாடு இருந்தால், ஒரு நல்ல இரட்டை டவர் (இரண்டு தகடு அடுக்குகள் கொண்ட) காற்றுக் கூலர் போதும். ப்ராசஸர் 200 வாட்டுக்கு மேல் மணிக்கணக்கில் இழுக்கும் வேலை, அதாவது முப்பரிமாண ரெண்டரிங், பெரிய மென்பொருள் கம்பைலிங் போன்றவை அன்றாடத் தொழிலாக இருந்தால் 360 மி.மீ. நீள ரேடியேட்டர் (நீரைக் குளிரவைக்கும் பகுதி) உள்ள லிக்விட் கூலர் வாங்குங்கள். முதலில் பார்க்க வேண்டியது ப்ராசஸர் எத்தனை வாட் இழுக்கிறது என்பதையும், கேபினெட்டுக்குள் காற்று எப்படிப் போய் வருகிறது என்பதையும்தான். கூலரின் வகை அதற்குப் பிறகு வரும் கேள்வி.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன?

காற்றுக் கூலரின் உள்ளேயும் நீர் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ப்ராசஸர்மீது உட்காரும் செம்புத் தளத்திலிருந்து மேலே வளைந்து போகும் குழாய்களை ஹீட் பைப் என்கிறோம். அவற்றுக்குள் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மிகச் சிறிதளவு நீரை வைத்து மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் அந்த நீர் 100 டிகிரிக்கு வெகு முன்பே ஆவியாகிறது. இட்லிப் பானை மூடியில் ஆவி பட்டு நீராகச் சொட்டுவதைப் போல, அந்த ஆவி மேல்முனையில் இருக்கும் அலுமினியத் தகடுகளை அடைந்ததும் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி நீராகிறது. குழாயின் உட்சுவரில் பதிந்திருக்கும் நுண்துளைச் செம்புப் படலம் அந்த நீரைக் கீழே இழுத்து வருகிறது. இதற்குப் பம்ப் கிடையாது, மின்சாரமும் தேவையில்லை. 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் செய்து காட்டிய ஏற்பாடு இது.

லிக்விட் கூலரில் செம்புத் தளத்துக்குள் நீர் ஓடும். ஒரு சிறிய பம்ப் அந்த நீரை ரப்பர் குழாய் வழியாக ரேடியேட்டருக்குத் தள்ளும். அங்கே ஃபேன்கள் அதைக் குளிரவைத்துத் திருப்பி அனுப்பும். கடைகளில் ஏ.ஐ.ஓ. என்று விற்பது எல்லாம் தொழிற்சாலையிலேயே நீர் நிரப்பி மூடிய இந்த வகைதான்.

ஆக, எந்தக் கூலராக இருந்தாலும் வெப்பம் கடைசியில் போய்ச் சேருவது உங்கள் அறையின் காற்றில்தான்.

நீர் காற்றைவிடப் பல மடங்கு வெப்பத்தை ஏந்தும் என்கிறார்களே, அப்படியானால் லிக்விட் கூலர்தானே எப்போதும் மேல்?

ஒரே கன அளவை ஒப்பிட்டால் நீர் காற்றைப் போல் ஏறக்குறைய 3,500 மடங்கு வெப்பத்தை ஏந்தும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நீரையும் கடைசியில் காற்றுதானே குளிரவைக்க வேண்டும்? நீர் நிறைய இருப்பதால் சூடேற நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் லிக்விட் கூலர் முதல் சில நிமிடங்களில் அற்புதமான வெப்பநிலையைக் காட்டுகிறது. அரைமணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிய பிறகு தெரிவதுதான் அதன் உண்மையான திறன். ஐந்து நிமிடச் சோதனையைக் காட்டி உங்களை வாங்கவைக்க யாரும் முயன்றால் ஏமாறாதீர்கள்.

இன்னொரு தடையும் இருக்கிறது. ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 ப்ராசஸர் வரிசையில், கணக்குகளைச் செய்யும் கோர்கள் இருக்கும் சிலிக்கான் துண்டின் பரப்பு சுமார் 70 சதுர மில்லிமீட்டர்தான். அவ்வளவு சிறிய இடத்தில் பிறக்கும் வெப்பம், மேலிருக்கும் உலோக மூடியையும், மூடிக்கும் கூலருக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் என்ற பசையையும் தாண்டித்தான் கூலரைத் தொட வேண்டும். அந்தக் குறுகிய வழியை எவ்வளவு பெரிய ரேடியேட்டராலும் அகலப்படுத்த முடியாது. 100 வாட் அளவில் ஓடும் ப்ராசஸரில் நல்ல காற்றுக் கூலருக்கும் விலை உயர்ந்த லிக்விட் கூலருக்கும் இடையே சில டிகிரி வித்தியாசமே தெரிவது இதனால்தான். 250 வாட்டுக்குப் போகும்போதுதான் ரேடியேட்டரின் பரப்பு பேச ஆரம்பிக்கிறது.

எங்கள் ஊரில் வெயில் 40 டிகிரி. காற்றுக் கூலர் தாங்குமா?

தாங்கும். ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். எந்தக் கூலரும் ப்ராசஸரை அறை வெப்பத்துக்கு மேல் இத்தனை டிகிரியில் நிறுத்தும் என்றுதான் சொல்ல முடியும். விமர்சனங்கள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி வரை உள்ள அறையில் எடுக்கப்படுகின்றன. அங்கே 22 டிகிரியில் 72 காட்டிய கூலர், வேலூரிலோ மதுரையிலோ மே மாத மதியம் 36 டிகிரி அறையில் 86 வாக்கில் காட்டும். ஃபேன் வேகம் கூடுவதால் ஓரிரண்டு டிகிரி முன்பின் ஆகலாம். காற்று, லிக்விட் இரண்டுக்கும் இதே கணக்குதான். லிக்விட் கூலருக்கு வெயிலிலிருந்து விலக்கு எதுவும் கிடையாது.

சீலிங் ஃபேன் நம் உடலுக்கு இதம் தரும். அறையின் காற்றை அது ஒரு டிகிரிகூடக் குறைப்பதில்லை. எனவே மின்விசிறி ஓடும் அறையிலும் கூலருக்குக் கிடைப்பது அதே சூடான காற்றுதான். ஏ.சி. இல்லாத அறையில் வேலை செய்பவர்கள் ப்ராசஸரைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்கிறேன். 65 வாட் வகையோ, விளையாட்டுக்கென்று ஏ.எம்.டி. தரும் எக்ஸ்3டி வகையோ எடுத்துக்கொண்டால் கோடை முழுதும் நிம்மதியாக இருக்கலாம். 253 வாட் ப்ராசஸரை வாங்கிவிட்டு அதை அடக்கக் கூலருக்கும் அள்ளிக் கொடுப்பது நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாத செலவு.

லிக்விட் கூலர் போட்டால் அறை குளிர்ச்சியாக இருக்குமா?

இருக்காது. கணினி 500 வாட் இழுத்தால் 500 வாட் வெப்பம் அறைக்குள் வந்தே தீரும். ஒரு டன் ஏ.சி. அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பம் சுமார் 3,500 வாட். அப்படியானால் அதில் ஏழில் ஒரு பங்கைக் கணினி மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அறைச் சூட்டைக் குறைக்க வேண்டுமானால் வாட்டைக் குறைப்பது ஒன்றே வழி.

என் ப்ராசஸர் எத்தனை வாட் இழுக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். இன்டெல் கோர் ஐ9-14900கே பெட்டியில் 125 வாட் என்பது அடிப்படை அளவு. டர்போவில், அதாவது வேகத்தைக் கூட்டி ஓடும்போது, அது 253 வாட் வரை போகும். ஐ5-12400இல் அடிப்படை 65, டர்போவில் 117. ஏ.எம்.டி.யில் ரைசன் 9 7950எக்ஸ் 170 வாட் என்று குறிக்கப்பட்டிருந்தாலும் 230 வரை இழுக்க அனுமதி உண்டு. ரைசன் 5 7600 பெயரளவில் 65, நடைமுறையில் 88. விளையாட்டுக்கென்றே பலரும் வாங்கும் ரைசன் 7 7800எக்ஸ்3டி 120 வாட் என்ற பெயரோடு வந்தாலும், விளையாடும்போது பெரும்பாலும் 80 வாட்டுக்குள் அடங்கிவிடும். அதற்கு 360 மி.மீ. லிக்விட் கூலர் வாங்கும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்தப் பணத்தை கிராஃபிக்ஸ் கார்டில் போட்டிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

ஐ5-12400, ரைசன் 5 7600 போன்றவற்றின் பெட்டியிலேயே ஒரு சிறிய கூலர் வருகிறது. வேலை நடக்கும். கோடையில் சத்தம் கூடும். விலை குறைந்த ஒற்றை டவர் கூலர் ஒன்றை மாற்றினாலே அந்தச் சத்தம் அடங்கிவிடும்.

95 டிகிரி காட்டுகிறது. ப்ராசஸர் கெட்டுவிடுமா?

ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் வகைகள், முழுச் சுமையில் 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நின்று வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டவை. எக்ஸ்3டி வகைக்கு எல்லை 89. ஐ9-14900கேக்கு 100. எல்லையைத் தொட்டால் ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எரிந்துபோகாது. ரெண்டரிங் ஓடும்போது 95 காட்டினால் பதற வேண்டாம். ஒன்றும் செய்யாமல் டெஸ்க்டாப் திரையில் நிற்கும்போதே 80 காட்டினால் அது கோளாறு. கூலரின் அடித்தளத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரிக்காமல் மாட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அடிக்கடி நடக்கும் தவறு அது.

கூலரை மாற்றும் முன் செய்து பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய மதர்போர்டின் அமைப்புத் திரையில்) மின் அளவைக் கட்டுப்படுத்துங்கள். ஏ.எம்.டி.யில் ஈகோ மோடு இருக்கிறது. இன்டெல் மதர்போர்டுகளில் பவர் லிமிட் என்று இருக்கும். வாட்டைக் கணிசமாகக் குறைத்தாலும் வேகம் அதே அளவுக்குக் குறைவதில்லை, கடைசிச் சில விழுக்காடு வேகத்துக்காகத்தான் இந்தச் சில்லுகள் அவ்வளவு மின்சாரத்தை விழுங்குகின்றன. பைசா செலவில்லாமல் பத்துப் பதினைந்து டிகிரி இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைச் சில்லுகள் சிலவற்றில் கணினி நின்று நின்று போகும் சிக்கல் எழுந்தபோது பலர் கூலரைச் சந்தேகித்து மாற்றினார்கள். காரணம் அளவுக்கு மீறிய வோல்ட்டேஜ் என்று 2024இல் இன்டெலே கண்டறிந்து ப்ராசஸரின் உள் கட்டளைகளான மைக்ரோகோடுக்குத் திருத்தம் வெளியிட்டது. அந்தத் தலைமுறைச் சில்லு வைத்திருப்பவர்கள் பயாஸைக் கட்டாயம் புதுப்பியுங்கள்.

லிக்விட் கூலர் கசியாதா?

அரிதாகக் கசியும். 2004இல் ஆப்பிள் வெளியிட்ட 2.5 கிகாஹெர்ட்ஸ் பவர் மேக் ஜி5இல் திரவக் குளிர்விப்பு இருந்தது. சில ஆண்டுகளில் அவற்றுள் பல கசிந்து மதர்போர்டை அரித்தன. இன்றைய ஏ.ஐ.ஓ.க்களில் குழாயும் இணைப்புகளும் வெகுவாகத் தேறிவிட்டன. ஆனாலும் கசிந்தால் நீர் விழுவது பெரும்பாலும் நேராகக் கீழே இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டின்மேல். கணினியிலேயே விலை அதிகமான பாகம் அது. கசிவால் மற்ற பாகங்கள் கெட்டால் ஈடு தருவார்களா என்பதை வாரன்டி அட்டையில் வரிவரியாகப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கசிவைவிட அதிகம் நடப்பது பம்ப் நின்றுபோவது. அதை அடையாளம் காண்பது சுலபம். கணினியை ஆன் செய்த சிறிது நேரத்தில் பயாஸ் திரையிலேயே வெப்பம் 90ஐத் தாண்டும். அப்போது ரேடியேட்டரைத் தொட்டால் சில்லென்று இருக்கும். சூடு அதற்கு வந்து சேரவே இல்லை என்று அர்த்தம். உடனே அணைத்துவிடுங்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே காலையில் ஆன் செய்யும்போது கரகர என்ற ஓசை கேட்டிருக்கும். பலர் அதை ஃபேன் சத்தம் என்று விட்டுவிடுகிறார்கள்.

எத்தனை ஆண்டு உழைக்கும்?

ஏ.ஐ.ஓ.க்களுக்கு ஐந்து அல்லது ஆறு ஆண்டு வாரன்டி தருவது வழக்கம். குழாயின் சுவர் வழியாக நீர் மிக மெதுவாக ஆவியாகிக் குறைந்துகொண்டே வரும், அதைத் தடுக்க முடியாது. காற்றுக் கூலரில் கெடக்கூடிய பாகம் ஃபேன் ஒன்றுதான். அதைச் சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். உலோகப் பகுதி, உங்கள் அடுத்த கணினிக்கும் அதற்கடுத்த கணினிக்கும் வரும். பத்தாண்டு வைத்திருக்கப்போகும் கணினி என்றால் இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

டிஸ்டில்டு வாட்டரோ கார் கூலன்ட்டோ ஊற்றி நிரப்பலாமா?

வேண்டாம். ஏ.ஐ.ஓ.வில் அடித்தளம் செம்பு, ரேடியேட்டர் பெரும்பாலும் அலுமினியம். இரண்டு உலோகங்கள் ஒரே நீரில் இருந்தால் அலுமினியம் அரிக்கும். அதைத் தடுக்கும் ரசாயனங்களை அளவறிந்து கலந்து நிரப்பியிருக்கிறார்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் அந்தப் பாதுகாப்பு இல்லை. திறந்தால் வாரன்டியும் போய்விடும்.

ரேடியேட்டரை எங்கே மாட்டுவது?

கேபினெட்டின் மேற்பக்கம், காற்று வெளியே போகும்படி மாட்டுங்கள். நீர்ச் சுற்றில் எப்போதும் கொஞ்சம் காற்று இருக்கும், அது உயரமான இடத்தில்தான் போய்த் தங்கும். ரேடியேட்டர் மேலே இருந்தால் அங்கேயே கிடக்கும், தொல்லை இல்லை. ரேடியேட்டர் கீழேயும் பம்ப் மேலேயும் இருந்தால் காற்று பம்புக்குள் புகுந்து சலசலக்கும், பம்பின் ஆயுளும் குறையும். முன்பக்கம் மாட்டுவதானால் ரேடியேட்டரின் மேல்விளிம்பு பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும், அது முக்கியம்.

முன்பக்கத்தில் மாட்டினால் ப்ராசஸருக்குப் புதிய காற்று கிடைக்கும், ஆனால் அந்தச் சூடு கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும். 450 வாட் இழுக்கும் ஆர்.டி.எக்ஸ். 4090 மாதிரியான கார்டு வைத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

240 மி.மீ. போதுமா, 360 வேண்டுமா?

நீளத்தை ஃபேனின் அகலத்தால் (240, 360க்கு 120 மி.மீ., 280க்கு 140) பெருக்கிப் பரப்பைப் பாருங்கள். 240 என்பது 28,800 சதுர மில்லிமீட்டர், 280 என்பது 39,200, 360 என்பது 43,200. நல்ல இரட்டை டவர் காற்றுக் கூலர் பல 240க்கு நிகராக நிற்கின்றன. விலையோ அதில் பாதிதான். ஆகவே லிக்விட் என்று முடிவு செய்துவிட்டால் 280 அல்லது 360க்குப் போங்கள். 120 மி.மீ. லிக்விட் கூலர், டவர் நுழையாத மிகச் சிறிய கேபினெட்டுக்கு மட்டும்.

என் கேபினெட்டில் பொருந்துமா?

டேப் எடுத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். நாக்டுவா என்.எச்.-டி15 டவர் கூலரின் உயரம் 165 மி.மீ. தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்.இ. 155 மி.மீ. கேபினெட் விவரத்தில் கூலர் உயரம் எத்தனை வரை என்று போட்டிருக்கும். அந்த 10 மி.மீ.யில்தான் பக்கவாட்டுக் கண்ணாடி மூடுமா மூடாதா என்பது இருக்கிறது. உயரமான ராம் வைத்திருந்தால் முன்பக்க ஃபேனை மேலே ஏற்றி மாட்ட வேண்டிவரும், அப்போது மொத்த உயரமும் கூடும்.

லிக்விட் கூலருக்கு மேற்பக்க இடத்தை அளந்துகொள்ளுங்கள். சாதாரண ரேடியேட்டர் 27 மி.மீ., ஃபேன் 25, மொத்தம் 52. ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் வரிசையில் ரேடியேட்டரே 38 மி.மீ., ஆக மொத்தம் 63.

பழைய கூலரைப் புதிய மதர்போர்டில் மாட்டலாமா?

ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டைப் பொறுத்தது அது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட்டுக்கு வாங்கியவற்றில் பெரும்பாலானவை ஏ.எம்.5இலும் பொருந்தும். இன்டெல்லில் எல்.ஜி.ஏ. 1200 சாக்கெட்டிலிருந்து 1700க்குப் போனபோது துளைகளின் இடைவெளி 75 மி.மீ.யிலிருந்து 78 ஆனது. தனி மாட்டுப் பட்டை வேண்டும். 1700க்கு வாங்கியது 1851க்கும் சரியாக வரும்.

சத்தம் எதில் குறைவு?

வேலை இல்லாத நேரத்தில் காற்றுக் கூலர். பம்ப் ஓயாமல் ஓடும். ராத்திரி அமைதியான அறையில் அந்த மெல்லிய ரீங்காரம் சிலருக்குக் காதில் உறுத்தும். முழுச் சுமையில் 360 லிக்விட் கூலரின் ஃபேன்கள் மெதுவாகச் சுற்றினாலே போதும் என்பதால் அது அமைதி. பம்பின் வேகத்தை வெப்பத்துக்கேற்ப ஏற்றி இறக்காமல் நிலையாக வைத்து, ஃபேன்களை மட்டும் மாறவிடுங்கள்.

தூசிக்கு என்ன செய்வது?

மண் சாலையோரம் உள்ள வீடு, ஜன்னல் திறந்த அறை என்றால் தூசிதான் பெரிய எதிரி. ரேடியேட்டரின் தகடுகள் டவர் கூலரின் தகடுகளைவிட நெருக்கமானவை. வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். ஃபேனைக் கழற்றினால் ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டாகப் படிந்து, காற்று புகவே வழியில்லாமல் அடைத்திருக்கும். அதை விரலால் உரித்து எடுத்துவிடலாம். அதற்கப்புறம் புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்றினால் பேரிங் கெடும். டவர் கூலரில் கம்பிக் கிளிப்பை விடுவித்தால் போதும், ஐந்து நிமிட வேலை. முன்பக்கத் தூசி வலையை மாதம் ஒருமுறை கழுவுங்கள்.

கடலோர ஈரப்பதத்தில் குழாயின்மேல் நீர் துளிர்க்குமா?

துளிர்க்காது. ரேடியேட்டர் அறை வெப்பத்துக்குக் கீழே நீரைக் குளிரவைக்க முடியாது. அறையைவிடக் குளிர்ந்த பரப்பில்தான் ஈரம் படியும். உப்புக் காற்று வேறு விஷயம். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் அலுமினியத் தகடுகளில் வெள்ளைப் பொடியாக அரிப்பு வருவதுண்டு. நிக்கல் பூசிய டவரோ கறுப்புப் பூச்சுள்ள ரேடியேட்டரோ கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். தண்ணீர் ஊற்றி ஓட்டும் வீட்டு ஏர் கூலரைக் கேபினெட்டைப் பார்த்துத் திருப்பி வைக்காதீர்கள். பொடித் துளிகள் உள்ளே போகும்.

மின்சாரம் போனால் பம்ப் நின்றுவிடுமே?

ப்ராசஸரும் அதே நொடியில் நின்றுவிடும். ஆபத்து இல்லை.

கணினியை வெளியூருக்கு எடுத்துச் செல்ல வேண்டும். எது பாதுகாப்பு?

இதில் லிக்விட் கூலருக்குத்தான் என் ஓட்டு. ப்ராசஸர்மீது உட்காரும் பம்ப் இலகுவானது. என்.எச்.-டி15 இரண்டு ஃபேன்களோடு 1.3 கிலோ, அது மதர்போர்டிலிருந்து கிடைமட்டமாகத் தொங்குகிறது. சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து, ஆம்னி பஸ்ஸின் லக்கேஜ் அறையில் திருநெல்வேலிக்குப் போகும் கேபினெட் வழியெல்லாம் குலுங்கும். டவர் கூலர் போட்டிருந்தால் மதர்போர்டு அடியில் படுத்திருக்க, அதன்மேல் கூலர் மேல்நோக்கி நிற்குமாறு கேபினெட்டைப் படுக்கவைத்து அனுப்புங்கள். பார்சலில் போடுவதானால் கூலரைக் கழற்றித் தனியாகப் பேக் செய்வதே நல்லது. கிராஃபிக்ஸ் கார்டையும் அப்படியே.

கழற்றி மாட்டும்போது பழைய தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். ஏ.எம்.4 ப்ராசஸரிலிருந்து கூலரை எடுப்பதானால், முதலில் பத்து நிமிடம் கணினியை ஓடவிட்டுப் பேஸ்ட் இளகியதும் அணைத்துவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் ப்ராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், அதன் அடியில் உள்ள ஊசிகள் வளையும்.

கையில் இருக்கும் பணம் குறைவு. எதற்கு முதலில் செலவழிக்கலாம்?

முன்பக்கம் வலை வைத்த, காற்று தாராளமாகப் புகும் கேபினெட்டுக்கு. முன்னே முழுக் கண்ணாடி போட்ட கேபினெட்டுக்குள் எந்தக் கூலரும் திணறும். அடுத்து, முன்னே இரண்டு ஃபேன் உள்ளிழுக்க, பின்னே ஒன்று வெளித்தள்ள. அதன்பிறகு ஒற்றை அல்லது இரட்டை டவர் கூலர். இவ்வளவும் முடித்துக் கணினியை அரைமணி நேரம் முழுச் சுமையில் ஓட்டி, எச்.டபிள்யூ.இன்ஃபோ போன்ற மென்பொருளில் வெப்பத்தையும் வாட்டையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் அறையில், உங்கள் வேலைக்கு, ப்ராசஸர் எல்லையைத் தொட்டு வேகம் இழப்பதை அப்போதும் கண்டால், லிக்விட் கூலருக்குப் பணம் சேர்க்கத் தொடங்கலாம்.